பூட்டானில் தட்டான் பார்க்கப் போகிறேன், கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். மே கடைசியில் பத்து நாள் பூட்டான் பயணம்: பாரோ, திம்பு, புனாகா. கூட வருபவர்கள் மடாலயங்களைப் பார்க்கட்டும், நான் ஓடையோரம் உட்கார்ந்துவிடுவேன். அங்கே தட்டான், ஊசித்தட்டான் பற்றி நடந்த ஆய்வு குறைவு என்பதால் கைப்புத்தகத்தை மட்டும் நம்பிக் கிளம்பத் தயக்கமாக இருக்கிறது.

ரகசிய ஆசை ஒன்று உண்டு. எபியோஃப்ளேபியா லைட்லாவி என்ற பூச்சியைப் பார்த்துவிட வேண்டும்! உடம்பு தட்டானைப் போல இருக்கும். ஆனால் உட்காரும்போது ஊசித்தட்டானைப் போல இறக்கையை மடக்கிக்கொள்ளும். குளிர்ந்த மலை ஓடைகளில் அதன் இளம்பூச்சி வளர்ந்து முடிக்கவே பல வருடங்கள் ஆகுமாம். பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த உயரத்தில், எந்த மாதிரி ஓடையில்?

அப்புறம், போன வருடம் மேகாலயாவில் எடுத்த படங்களில் பாதிக்குப் பெயர் வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் மேலிருந்தே எடுத்தது என் தப்பு. மார்பின் பக்கவாட்டுக் கோடுகளும் ஆணின் வால்நுனிக் கொக்கிகளும் தெரிய வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. பூச்சியைப் பிடிக்கப் போவதில்லை, படம் மட்டும்தான். கொக்கி தெளிவாக விழ 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் போதுமா? மழை பிடித்துக்கொண்டால் எங்கே தேடுவது?