டிலே, ரிவர்ப், லூப்பர் மூன்றுக்கும் ஒரே பெடல் போதுமா?

கிட்டார் வாசிக்கிற நண்பர்களே, காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன், காலால் மிதித்துக் கிட்டாரின் ஒலியை மாற்றும் ஒரு பெடல் வாங்குவதில் உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது.

என்னிடம் பாஸ் (Boss) நிறுவனத்தின் டிடி-7 இருக்கிறது, வாசித்ததைச் சற்றுத் தாமதித்து எதிரொலிக்கும் டிலே பெடல். அதில் ரிவர்ப், அதாவது பெரிய கூடத்தில் வாசிப்பதுபோன்ற முழக்கம், கிடையாது. 2019இல் வந்த டிடி-8இல் டிலேயோடு ரிவர்ப் சேர்ந்த ஒரு மோடு, ஷிம்மர் (மேல் ஸ்தாயியில் மினுமினுக்கும் ஒலி சேர்ப்பது), வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் 40 விநாடி லூப்பர் என்று மொத்தம் 11 மோடு இருப்பதால் அதற்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். 40 விநாடி குறைவு என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் எட்டு அடி கொண்ட ஆதி தாளம் ஐந்து ஆவர்த்தனம் (சுற்று) அதற்குள் அடங்கிவிடும், எனக்கு அது தாராளம்.

என் கேள்வி வேறு. மோடு மாற்ற ஒரே குமிழ்தான், அப்படியானால் லூப்பைப் போட்டுவிட்டு அதன்மேல் டிலேயோடு வாசிக்க முடியுமா, இல்லை லூப்பர் தனியாகவே வாங்கியாக வேண்டுமா? கல்யாண மேடையில் ஒற்றை ஆளாக வாசிக்கும்போது எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும், இதில் சமரசம் செய்ய மனசில்லை.

அப்புறம் ரிவர்ப். நான் பயிற்சி செய்வது எங்கள் பழைய வீட்டு வளவில். ஆத்தங்குடிக் கல் தரை, உயரமான கூரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், எல்லாமே சத்தத்தைத் திருப்பி அனுப்பும். அங்கே ரிவர்பை அளந்து வைத்தால் திறந்தவெளிப் பந்தலில் கிட்டார் வறண்டு கேட்கிறது. மேடைக்கான அளவை வீட்டிலேயே எப்படிப் பிடிக்கிறீர்கள்? ஹெட்போனில் கேட்டு வைப்பது சரிவருமா?

மதுரை, திருச்சிப் பக்கம் இதை வாசித்துப் பார்த்து வாங்க நல்ல கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.