வட்டத் தரைவிரிப்பின் ஓரம் நெளிகிறது, முழுவதையும் பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

கலைவாணி:
வணக்கம். கூடத்தில் போடுவதற்காக வட்டமான தரைவிரிப்பு ஒன்று குரோஷாவில் (கொக்கி ஊசிப் பின்னல்) பின்னிக்கொண்டிருக்கிறேன். திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட் துணியை 2.5 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, 12 மி.மீ. ஊசியில் சிங்கிள் குரோஷா (குட்டையான அடிப்படைக் கண்ணி) போடுகிறேன். 6 கண்ணிகளில் தொடங்கி, சுற்றுக்கு 6 கண்ணிகள் கூட்டி வருகிறேன். 24-ஆவது சுற்று வரை தரையோடு அழகாகப் படிந்திருந்தது; அப்போது 144 கண்ணிகள், நடுவிலிருந்து ஓரம் வரை 30 செ.மீ. அதன்பிறகு புதிய பொதியைப் பிரித்துப் பின்னினேன். அதிலிருந்து ஓரம் பாவாடைக் கொசுவம்போல நெளிகிறது. கண்ணி எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. வீட்டில் மாமனார் கைத்தடி ஊன்றி நடப்பவர். ஓரம் தூக்கியிருந்தால் தடுக்கிவிடுமே என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

சாந்தி:
தண்ணீர் தெளித்து, மேலே கனமான பலகையை வைத்துக் காயவிடுங்கள். என் தேநீர்க் கோப்பை விரிப்புகள் அப்படித்தான் படிந்தன.

மீனாட்சி:
கோப்பை விரிப்புக்கு அது போதும் சாந்தி, மிதிபடும் விரிப்புக்கு நிற்காது. ஓரத்தில் துணி அதிகமாக இருந்தால், எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு வாரத்தில் மறுபடி எழும்பும்.

கலைவாணி, இரண்டு விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். பழைய பட்டையையும் புதிய பட்டையையும் தனித்தனியாக நீளவாக்கில் இழுங்கள். எது தானாகச் சுருண்டு உருண்டையாகிறது? அடுத்து, பழைய சுற்றில் 10 கண்ணிகளையும் புதிய சுற்றில் 10 கண்ணிகளையும் அளந்து பாருங்கள்.

கலைவாணி:
பழையது உடனே சுருள்கிறது அக்கா. புதியது தட்டையாகவே நிற்கிறது, கையில் தடிமனாகவும் தெரிகிறது. பழைய 10 கண்ணிகள் 13 செ.மீ.; புதியவை 15 செ.மீ.

மீனாட்சி:
அப்படியானால் உங்கள் கையிலும் கணக்கிலும் குறையில்லை, துணிதான் மாறியிருக்கிறது. முதல் பொதி சிங்கிள் ஜெர்சி, அதாவது ஒற்றைப் பின்னலான மெல்லிய பனியன் துணி; அதனால்தான் சுருள்கிறது. இரண்டாவது இன்டர்லாக்காக, அதாவது இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும் இரட்டைப் பின்னல் துணியாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அகலத்தில் வெட்டினாலும் இன்டர்லாக் பட்டை பருமனாக நிற்கும்.

சுற்றுக்கு 6 என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தச் சிக்கல் புரிந்துவிடும். வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைப்போல 6.28 மடங்கு. சிங்கிள் குரோஷா கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே ஒரு சுற்று ஏறினால் ஓரத்தில் ஏறத்தாழ 6 கண்ணிகளுக்கு இடம் கூடுகிறது. (உயரமான டபுள் குரோஷாவுக்கு 12 கூட்டுவதும் இதே காரணத்தால்தான்.) கண்ணியின் அகலம் நடுவழியில் மாறினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

உங்கள் 25-ஆவது சுற்றைப் பாருங்கள். 150 கண்ணிகள், ஒவ்வொன்றும் 1.5 செ.மீ. என்றால் 225 செ.மீ. ஆனால் நடுவிலிருந்து 31 செ.மீ. தூரத்தில் உள்ள சுற்றளவு சுமார் 195 செ.மீ.தான். மீதி 30 செ.மீ. போக இடமில்லாமல் நெளிகிறது.

வட்டம் முழுவதையும் பிரிக்க வேண்டாம். இன்டர்லாக் சுற்றுகளை மட்டும் பிரித்து 24-ஆவது சுற்றுக்கு வாருங்கள். 195-ஐ 1.5-ஆல் வகுத்தால் 130. உங்களிடம் இருப்பது 144. ஆகவே அடுத்த சுற்றில் கூட்டாமல், ஏறக்குறைய பத்துக் கண்ணிகளுக்கு ஒருமுறை இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் போட்டு 14 கண்ணிகளைக் குறையுங்கள். அதற்கடுத்த சுற்றிலிருந்து மறுபடி 6 கூட்டலாம். கூட்டும் இடத்தைச் சுற்றுக்குச் சுற்று தள்ளிப் போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக வந்தால் வட்டம் அறுகோணமாகிவிடும்.

இன்னும் வெட்டாத துணி இருந்தால் 2 செ.மீ. அகலத்தில் வெட்டி, 10 கண்ணிகள் 13 செ.மீ. வருகிறதா என்று பாருங்கள். வந்தால் குறைக்கவே தேவையில்லை. எனக்குப் பிடித்த வழி அதுதான். பின்னலின் முகம் மாறாது.

ரேவதி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மகளுக்குப் பருத்தி நூலில் கையில்லாத மேல்சட்டை பின்னினேன். துவைத்துக் கொடியில் போட்டதும் முழங்காலை நோக்கி நீண்டுவிட்டது. இதுவும் கண்ணி அகலத்தால் வந்ததா?

மீனாட்சி:
இல்லை ரேவதி, தண்ணீரின் எடைதான் இழுத்திருக்கிறது. பருத்தி நிறைய நீரை உறிஞ்சும். கம்பளி நூல்போல இழுத்தால் திரும்பிச் சுருங்கும் தன்மையும் அதற்குக் குறைவு. மறுபடி நனைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். பாயில் பரப்பி, வேண்டிய அளவுக்குக் கையால் ஒதுக்கி நிழலில் காயவிடுங்கள். தோள் தையலின் உட்புறம் நீட்சி இல்லாத பருத்தி நாடா வைத்துத் தைத்தால் தோள் இறங்காது. அடுத்த சட்டைக்கு முன் 15 செ.மீ. சதுரம் ஒன்று பின்னித் துவைத்து, கீழே இரண்டு துணிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு அளந்து பாருங்கள். சட்டை எவ்வளவு இறங்கும் என்பதை அது ஓரளவு முன்கூட்டியே காட்டிவிடும்.

கலைவாணி:
அக்கா, பொதி முழுவதும் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டதால் 14 கண்ணிகளைக் குறைத்தேன். படிந்துவிட்டது! இப்போது மூன்று சுற்று ஏறியும் ஓரம் எழும்பவில்லை. மிக்க நன்றி. டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்கப் பின்புறம் ரப்பர் பசை தடவலாமா?

மீனாட்சி:
வேண்டாம். பசை காய்ந்தால் விறைக்கும், இவ்வளவு கனமான விரிப்பைத் துவைத்து உலர்த்துவதும் கடினமாகும். தரைவிரிப்புக்கு அடியில் போடும் ரப்பர் வலை கடைகளில் கிடைக்கிறது. விரிப்பைவிடச் சுற்றிலும் 3 செ.மீ. சிறியதாக வெட்டிப் போடுங்கள். துவைக்கும்போது தனியாக எடுத்துவிடலாம். இன்னொன்று: கைத்தடி ஊன்றுபவர் இருக்கும் வீட்டில் நடைபாதையில் எந்த விரிப்பும் வேண்டாம் என்பது என் கருத்து. வலை போட்டாலும் தடியின் முனை பின்னல் துளையில் மாட்டலாம்.

கலைவாணி:
சரி அக்கா. கூடத்தில் போடவில்லை, என் தையல் மெஷினுக்கு அடியில் விரித்துக்கொள்கிறேன். மாமனார் அந்த அறைக்கு வருவதில்லை.