படைவீரர், குடும்பஸ்தர், புல்புல்தாரா வாசித்தவர்: அப்பாவின் நினைவு மலரை எப்படி எழுதுவது?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)

அனைவருக்கும் வணக்கம். இராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்று, பின்னர் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப் பார்த்துவந்த என் தந்தையாரின் முதலாம் ஆண்டு திதி வரும் தை மாதம் வருகிறது. அன்று வரும் உறவினர்களுக்கும் அவருடைய பழைய நண்பர்களுக்கும் கொடுப்பதற்காகச் சிறிய நினைவு மலர் ஒன்றை அச்சிட நினைத்திருக்கிறோம்.

டிரங்குப் பெட்டியில் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் (ஓய்வின்போது கொடுத்த பணி விவரப் புத்தகம்), சில பதக்கங்கள், அம்மாவுக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்கள், அவர் புல்புல்தாரா என்ற கம்பி வாத்தியத்தை வாசித்துப் பதிவு செய்த ஒலிநாடாக்கள், பாட்டுகளுக்குத் தாமே ஸ்வரம் எழுதிவைத்த நோட்டு ஆகியவை இருக்கின்றன. அவர் போரைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. 1971 போரில் பசந்தர் ஆற்றங்கரையில் இருந்தார் என்று சித்தப்பா உறுதியாகச் சொல்கிறார். அட்டையில் ‘போர்க்கள நாயகன்’ என்று போடவேண்டும் என்பது தம்பியின் விருப்பம். எனக்கோ, அப்பாவே அதைப் பார்த்தால் கூச்சப்படுவார் என்று தோன்றுகிறது. வீட்டில் எல்லோரும் ‘மதராஸ் ரெஜிமென்ட்’ என்றே சொல்லிவந்தோம். ஆனால் புத்தகத்தில் பெங்களூரு என்று இருக்கிறது. எதை வைத்து எழுதுவது, எதை விடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (ஓய்வு பெற்ற சுபேதார், மேட்டூர்)

தம்பி, முதலில் படைப்பிரிவைச் சரியாக எழுதுங்கள். மதராஸ் ரெஜிமென்ட் காலாட்படை. அதன் தலைமை மையம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது. பெங்களூருவில் இருப்பது எம்.இ.ஜி. என்கிற மதராஸ் பொறியாளர் குழு. 1780இல் தொடங்கிய மரபுடைய அந்தப் பிரிவினரை மதராஸ் சாப்பர்கள் (படைப் பொறியாளர்கள்) என்பார்கள். படைக்குள் ‘தம்பி’ என்றே பெயர். பாலம் கட்டுவதும், கண்ணிவெடி நீக்கிப் பாதை திறப்பதும் அவர்களுடைய வேலைகள். நம் ஊர்ப்பக்கம் எல்லாவற்றையும் ‘மிலிட்டரி’ என்று ஒரே பெயரில் அடக்கிவிடுவதால் இந்தக் குழப்பம் பல வீடுகளில் இருக்கிறது.

பசந்தர் விஷயத்தில் நிதானம் தேவை. 1971 டிசம்பரில் மேற்கு முனையில், பாகிஸ்தானின் ஷகர்கட் பகுதியில் நடந்த அந்தச் சண்டையில், டாங்கிகள் கடப்பதற்காகக் கண்ணிவெடி வயலில் பாதை திறந்தவர்கள் மதராஸ் சாப்பர்களின் 9ஆவது பொறியாளர் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள்தாம். ஆனால் எம்.இ.ஜி.யில் பல ரெஜிமென்ட்டுகள் உண்டு. உங்கள் தந்தையார் அந்தக் காலத்தில் எந்த ரெஜிமென்ட்டில் இருந்தார் என்பது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் தெளிவாக இல்லையென்றால், படை எண்ணைக் குறிப்பிட்டுப் பெங்களூருவில் உள்ள பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். கடிதம் எழுதுவதற்குச் சேலத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம்.

பதக்கங்களின் விளிம்பையும் பின்புறத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை, பூர்வி ஸ்டார் இருந்தால் கிழக்கு முனை. சங்கிராம் பதக்கம் மட்டும் இருந்தால் அவர் எந்த முனையில் இருந்தார் என்று அதைக் கொண்டு சொல்லக்கூடாது. 1972இல் சுதந்திர வெள்ளி விழாவுக்காகக் கொடுத்த பதக்கம் அப்போது பணியில் இருந்த அனைவருக்கும் வந்தது. அதை வீரப்பதக்கம் என்று அச்சிட்டுவிடாதீர்கள். திதிக்கு வரும் பழைய சிப்பாய் ஒருவர் அதைப் படித்தால் மலர் முழுவதையும் சந்தேகிப்பார்.

மறுமொழி 2 (சூரமங்கலம்)

ஐயா, நான் ஒரு படைவீரரின் மகள். எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மலர் வந்தது. அதில் அப்பா இருந்தார், அம்மா மட்டும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருபவரின் குடும்பத்தை மீதி மாதங்களில் நடத்தியவர் யார்? மணியார்டர் வந்ததும் எந்தக் கடனை முதலில் அடைத்தார், பள்ளியில் கையெழுத்துப் போட யார் போனார்கள், மாமியாரின் வைத்தியத்தை எப்படிச் சமாளித்தார் என்பனவற்றை உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். ‘அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘நல்ல மனுஷன்’ என்பதோடு முடித்துவிடுவார்கள். ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து, ‘இது வந்தபோது நாம் எந்த வீட்டில் குடியிருந்தோம்?’ என்று கேட்டால் பேச்சு தானாக நீளும்.

கடிதங்களில் 56 ஏ.பி.ஓ. என்று மட்டுமே முகவரி இருக்கும்; அது படை அஞ்சல் முகவரி, ஊரை வெளிப்படுத்தாது. ஆனால் தேதி கிடைக்கும், அதை டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிடலாம். ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: எந்தக் கடிதத்தையும் அச்சிடுவதற்கு முன் அம்மாவின் சம்மதத்தைக் கேளுங்கள். அவை அவருக்கு எழுதப்பட்டவை.

மறுமொழி 3 (அம்மாப்பேட்டை பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர்)

புல்புல்தாரா என்றதும் ஓடி வந்தேன். தட்டச்சுப் பொறி போலக் கட்டைகளை இடக்கையால் அழுத்தி, வலக்கையில் மீட்டுகோல் பிடித்துக் கம்பிகளை மீட்டும் அந்த வாத்தியம், 1912இல் ஜப்பானில் உருவான தைஷோகோட்டோவிலிருந்து வந்தது. கட்டைகள் ஸ்வரத்தைப் பூட்டிவிடுவதால் அதில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் முறை) எளிதில் பேசாது. கச்சேரி வித்வான்கள் அதை அதிகம் கண்டுகொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சினிமா மெட்டுக்கு அது பிரமாதமாகப் பொருந்தும். உங்கள் தந்தையார் எந்த மெட்டுகளைத் தேர்ந்தெடுத்தார், கமகம் வரவேண்டிய இடத்தில் என்ன செய்து சமாளித்தார் என்பதை நோட்டிலிருந்து எழுதினால், அவர் எப்படி யோசித்தார் என்பது வாசிப்பவருக்குத் தெரியும். ‘இசை ஆர்வம் மிக்கவர்’ என்று ஒரு வரியில் தள்ளிவிடாதீர்கள்.

ஒலிநாடாக்களை இயக்குவதற்கு முன், ஒவ்வொரு கேசட்டின் மேல்விளிம்பிலும் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள். தவறி ‘ரெக்கார்டு’ பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. பிளேயரின் ஹெட்டைச் சுத்தம் செய்து, நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் ஓட்டிய பிறகு, கணினியில் ஒலித்தரம் குறையாத வேவ் கோப்பாகப் பதியுங்கள், எம்.பி.3 பிறகு செய்துகொள்ளலாம். பழைய பிளேயரின் பெல்ட் தளர்ந்திருந்தால் வேகம் குறைந்து சுருதியும் இறங்கும். நாடாவில் அவரோடு யாராவது ஆர்மோனியம் வாசித்திருந்து, அந்த ஆர்மோனியம் இன்னும் எங்காவது இருந்தால், அதே கட்டையை அழுத்திப் பார்த்து வேகத்தைச் சரிசெய்துகொள்ளலாம். கம்பி வாத்தியத்தை நம்பவேண்டாம், அதன் சுருதி தினமும் மாறும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று பதக்கங்களைத் துடைத்துப் பார்த்தோம். பஸ்சிமி ஸ்டார் இருக்கிறது. மேற்கு முனை என்று மட்டும் எழுதுவதற்குச் சித்தப்பாவும் ஒப்புக்கொண்டார். ரெஜிமென்ட் விவரத்துக்குப் பதிவு அலுவலகத்துக்கு எழுதுகிறோம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அவருடைய தொழிற்பிரிவு தச்சு என்று இருக்கிறது. புல்புல்தாராவில் உடைந்துபோன இரண்டு கட்டைகளுக்குப் பதிலாகச் சட்டைப் பித்தான்களைப் பொருத்தியிருந்தார். அவற்றின் அடியில் இழைத்து வைத்திருக்கும் மரத்துண்டுகளை இதுவரை நாங்கள் யாரும் கவனித்ததில்லை. அதன் படத்தை அட்டையில் போடலாம் என்று தம்பியே சொல்லிவிட்டான்.

ஒரே ஒரு சந்தேகம்: நோட்டில் ஸ்வரங்களுக்குப் பக்கத்தில் காப்பிப் பறிப்பு ஆட்களின் கூலிக்கணக்கும் எழுதியிருக்கிறார். படியெடுக்கும்போது அதை நீக்கிவிடவேண்டுமா?

மறுமொழி 2 (சூரமங்கலம்)

நீக்கவேண்டாம் ஐயா. கூலி வாங்கியவர்களின் பெயர்களை மட்டும் மறைத்துவிட்டு, பக்கத்தை அப்படியே அச்சிடுங்கள்.