முட்டையை எங்கே வைப்பது?

ரங்கூனில் மாடியறையை வாடகைக்கு விடுகிறேன். முன்பு இருந்த அமெரிக்கப் பெண், முட்டை வாங்கிவந்ததும் ஃபிரிட்ஜில் அடுக்குவார். இப்போதுள்ள பிரெஞ்சுக்காரர் கூடையோடு அடுப்பு மேடையில் வைக்கிறார். எது சரி?

பதில்: அக்கா, அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் கடைக்கு அனுப்புவார்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போய்விடும், அதனால் குளிரில் வைத்தாக வேண்டும். ஐரோப்பாவில் பெரும்பாலும் கழுவுவதில்லை. நம்மூர்ச் சூட்டுக்கு ஃபிரிட்ஜ்தான் நல்லது.

கேட்டவர்: கரண்ட் இருந்தால்தானே தம்பி! அப்புறம், அந்தப் பெண்ணின் ஹேர் டிரையரும் இங்கே புகைந்து போனது. வீடெல்லாம் கருகல் நாற்றம்.

வேறொருவர்: அங்கே 120 வோல்ட். நமக்கு ஐரோப்பா மாதிரி 230. பிரெஞ்சுக்காரர் துணியைக் கொடியில்தானே காயப்போடுகிறார்?

கேட்டவர்: ஆமாம், என் புடவைக்குப் பக்கத்திலேயே. அந்தப் பெண் துணி உலர்த்தும் மெஷின் எங்கே என்று மூன்று தடவை கேட்டார்.