அம்மாவின் இதய வால்வு சத்தம் மங்கியிருக்கிறது, எக்கோ ஸ்கேனில் கிரேடியன்ட் 9. காத்திருக்கலாமா?

முதுநகர்ப் பையன் (காலை 10.40)

வணக்கம். அம்மாவுக்கு 52 வயது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருப்பது) சுருங்கி, 2019-ல் புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து மெக்கானிக்கல் வால்வு வைத்தார்கள். இரண்டு இதழ் வகை, 27 மி.மீ. அளவு. ரத்தம் கட்டாமல் இருக்க அசிட்ராம் மாத்திரை தவறாமல் போடுகிறார்.

ராத்திரி வீடு அடங்கிய பிறகு அந்த டிக் டிக் எனக்கே கேட்கும். இந்த வாரம் அது மங்கிவிட்டது. முதலில் கவனித்துச் சொன்னது அம்மாதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நேற்று கடலூரிலேயே எக்கோ எடுத்தோம். சராசரி கிரேடியன்ட் (வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்) 9. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் 4. அடுத்த செக்கப் வரும் மாதம்தான். அதுவரை பொறுக்கலாமா?

எக்கோ டெக்னீஷியன், புதுச்சேரி (10.58)

9 என்ற எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது தம்பி. எக்கோ மெஷின் அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. வால்வு வழியாக ரத்தம் பாயும் வேகத்தை அளந்து, அதை வர்க்கப்படுத்தி 4-ஆல் பெருக்குகிறது. நொடிக்கு 1 மீட்டர் வேகம் என்றால் 4 மி.மீ. பாதரசம், 1.5 மீட்டர் என்றால் 9. வேகம் பாதியளவு கூடினாலே எண் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

மைட்ரல் வால்வு திறந்திருப்பது இதயம் தளர்ந்து ரத்தம் நிரம்பும் நேரத்தில். துடிப்பு கூடக் கூட அந்த நேரம் குறையும், அதே ரத்தம் அவசரமாகப் போக வேண்டியிருக்கும். காய்ச்சல், ரத்தசோகை எது இருந்தாலும் வால்வு நன்றாக இருக்கும்போதே கிரேடியன்ட் ஏறலாம். அதனால்தான் கேட்கிறேன்: எக்கோ எடுத்தபோது ஹார்ட் ரேட் எவ்வளவு? ரிப்போர்ட்டில் பிரஷர் ஹாஃப் டைம் என்று ஒரு எண் இருக்கும், அந்த அழுத்த வித்தியாசம் பாதியாகக் குறைய எத்தனை மில்லிநொடி ஆகிறது என்பது, அது எவ்வளவு? ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர் கடைசியாக எவ்வளவு?

லாஸ்பேட்டைக்காரன் (11.05)

பயப்படாதீர்கள். எங்கள் அப்பாவுக்கும் மெக்கானிக்கல் வால்வுதான். ஒரு நாளும் சத்தம் கேட்டதில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்.

எக்கோ டெக்னீஷியன், புதுச்சேரி (11.12)

உங்கள் அப்பாவுக்குச் சித்ரா வால்வாக இருக்கலாம் சார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் உருவாக்கி 1990-ல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தியது. வால்வின் சட்டம் (ஃபிரேம்) கோபால்ட்-குரோமியம் கலவை. சாய்ந்து திறக்கும் ஒற்றை வட்டு மட்டும் ஒரு வகை பாலிஎத்திலீன், அதனால் சத்தம் குறைவு. இந்த அம்மாவுக்கு இருப்பது கார்பன் இதழ்கள், சட்டத்தில் மோதி மூடும்போது ஓசை வரும். தொடக்கத்திலிருந்தே சத்தமில்லை என்பது வேறு, இருந்த சத்தம் மங்குவது வேறு. இரண்டாவதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதுநகர்ப் பையன் (11.31)

ஹார்ட் ரேட் 84. பிரஷர் ஹாஃப் டைம் 190. ஐ.என்.ஆர் இன்று காலை கொடுத்தோம், இப்போதுதான் ரிசல்ட் வந்தது: 1.4. எப்போதும் 2.8, 3 என்றுதான் இருக்கும். மாத்திரை ஒன்றுகூட விடவில்லை. கீரையும் வழக்கமான அளவுதான்.

திருப்பாதிரிப்புலியூர் ஃபார்மசிஸ்ட் (11.36)

புதிதாக ஏதாவது மருந்து சேர்த்தார்களா? வலிப்பு மாத்திரை, டி.பி. மாத்திரை?

முதுநகர்ப் பையன் (11.39)

ஆமாம் மேடம். கழுத்தில் நெறிகட்டி, சோதித்துப் பார்த்ததில் டி.பி. என்றார்கள். போன மாதத்திலிருந்து மாத்திரை போடுகிறார். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள்.

திருப்பாதிரிப்புலியூர் ஃபார்மசிஸ்ட் (11.44)

சிவப்புக்குக் காரணம் ரிஃபாம்பிசின். அதே மருந்து கல்லீரலில் என்சைம்களைக் கூட்டி, அசிட்ராமை வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். அம்மா போட்டது அதே டோஸ்தான், உடம்பில் தங்கியதோ குறைவு. டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அசிட்ராமையும் நீங்களாகக் கூட்டாதீர்கள். கூட்டினாலும் பலன் தெரியச் சில நாள் ஆகும். உங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

எக்கோ டெக்னீஷியன், புதுச்சேரி (11.47)

தம்பி, இப்போதே புதுச்சேரிக்குக் கிளம்புங்கள். மைட்ரல் மெக்கானிக்கல் வால்வுக்கு ஐ.என்.ஆர் 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். ஹாஃப் டைம் 130-க்குள் இருந்தால் நிம்மதி, 190 என்பது வழி குறுகியிருக்கலாம் என்று காட்டுகிறது. துடிப்பும் அப்படியொன்றும் அதிகமில்லை. இவற்றோடு மங்கிய சத்தம், மூச்சு வாங்கல். ரத்தக்கட்டி இதழின் அசைவைத் தடுக்கிறதா என்று இன்றே பார்த்தாக வேண்டும்.

இந்த வால்வில் இதழ்கள் கீலில் திரும்புகின்றன. அங்கே ரத்தம் தேங்காமல் அலசிக்கொண்டே இருக்கட்டும் என்று, மூடியிருக்கும்போதும் கொஞ்சம் கசியும்படிதான் செய்திருப்பார்கள். ஆனாலும் மைட்ரல் இடத்தில் ரத்தம் மெதுவாகப் பாய்வதால், இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் அயோர்ட்டிக் இடத்தைவிடக் கட்டி சேரும் வாய்ப்பு அதிகம்.

ஃப்ளோரோஸ்கோபியில், அதாவது ஓடும் எக்ஸ்ரேயில், இரண்டு இதழும் எவ்வளவு திறக்கின்றன என்று பார்ப்பார்கள். ஊசி, கத்தி எதுவும் கிடையாது. தொண்டை வழியாகவும் எக்கோ எடுக்கலாம், அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். அதனால் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். வால்வு கார்டு, இரண்டு எக்கோ ரிப்போர்ட், டி.பி. மாத்திரை அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். பைக் வேண்டாம், கார் பிடியுங்கள். முருங்கப்பாக்கம், மரப்பாலம் நெரிசலுக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஆபரேஷன் நடந்த இடம் தூரம் என்றால் ஜிப்மர் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாய் கோணினாலோ கை கால் இழுத்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

முதுநகர்ப் பையன் (மறுநாள் இரவு 8.15)

அம்மா ஐ.சி.யூ.வில் இருக்கிறார், நன்றாகப் பேசுகிறார். ஓடும் எக்ஸ்ரேயை எனக்கும் காட்டினார்கள். ஒரு இதழ் முழுக்கத் திறக்கிறது, மற்றது பாதியில் நின்றுவிடுகிறது. தொண்டை வழி எக்கோவில் சின்னக் கட்டி தெரிந்தது. கட்டி கரையும்போது துணுக்கு மூளைக்குப் போகலாம், ரத்தக்கசிவும் வரலாம் என்று விளக்கிக் கையெழுத்து வாங்கிவிட்டு, கரைக்கும் மருந்தை மெதுவாக ஏற்றினார்கள். இன்று மாலை இரண்டு இதழும் திறக்கின்றன, கிரேடியன்ட் 4.5. சத்தமும் திரும்பிவிட்டது.

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டி.பி. சிகிச்சை தொடர வேண்டுமாம், அசிட்ராம் டோஸைக் கூட்டியிருக்கிறார்கள். இதில் இனி என்ன கவனிக்க வேண்டும் மேடம்?

திருப்பாதிரிப்புலியூர் ஃபார்மசிஸ்ட் (8.40)

படித்ததும் கண் கலங்கிவிட்டது தம்பி. இப்போதைக்கு வாரம் ஒருமுறையாவது ஐ.என்.ஆர் பாருங்கள், டாக்டர் இன்னும் அடிக்கடி கேட்டால் அப்படியே செய்யுங்கள். வலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், ரத்தக்கசிவு வரும்.

டி.பி. கோர்ஸ் முடியும் தேதியை இப்போதே குறித்து வையுங்கள். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு, அந்த என்சைம்கள் சில வாரங்களில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். கூட்டிய டோஸ் அப்படியே தொடர்ந்தால் ஐ.என்.ஆர் எகிறிவிடும். கடைசி மாத்திரை போடும் வாரத்திலேயே டாக்டரிடம் போய், அசிட்ராமைப் படிப்படியாக எப்படிக் குறைப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.