மறு: திரள் உமிழ்வா, மொத்த உமிழ்வா? மூன்றாவது சொல் ஒன்றும் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். காலநிலைச் சொற்பட்டியலுக்காக, தொடக்கத்திலிருந்து இன்றுவரை காற்றில் வெளிவிட்ட காபனீரொட்சைட்டின் (கார்பன் டை ஆக்சைடு) கூட்டுத்தொகையைத் 'திரள் உமிழ்வு' என்பதா, 'மொத்த உமிழ்வு' என்பதா என்று நீங்கள் விவாதிக்கும் மடல்களை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். உமிழ்வு என்றால் வெளிவிடுவது. ஹட்டனுக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் நான். இந்தச் சொற்களை நாளைக்கே கரும்பலகையில் எழுத வேண்டியிருப்பதால், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> உமிழ்வு என்ற ஒரு சொல் போதும். ஆண்டு, மொத்தம் என்று அடைமொழி சேர்த்தால் வேலை முடிந்தது.

சென்னை நண்பரின் இந்தக் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் வெளிவரும் காபனீரொட்சைட்டின் வரைபை வகுப்பில் போட்டேன். 1900இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி தொன். 1950இல் 600 கோடி, 2000இல் 2500 கோடி, 2023இல் 3700 கோடி. ஏறிக்கொண்டே போகும் கோடு 2020இல் சட்டென்று இறங்கும். கொரோனா முடக்கத்தால் அந்த ஆண்டு நூற்றுக்கு 5 அளவில் குறைந்தது. "அப்படியென்றால் அந்த வருசம் காற்றில் இருக்கிற காபனீரொட்சைட்டு கூடியதா, குறைந்ததா?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் குறைந்தது என்றார்கள்.

குறையவில்லை. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்துவருகிறார்கள். அங்கே 2019இல் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 411 பங்கு இருந்தது, 2020இல் 414 ஆனது. பிள்ளைகள் மேல் பிழை சொல்ல மாட்டேன். வெளிவிடுவதற்கும் காற்றில் கிடப்பதற்கும் நாம் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு, வேறுபாட்டை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "அப்ப அது கடைக் கொப்பி மாதிரியா சேர்?" என்றாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கொப்பியை விளக்க வேண்டியதில்லை. மாதம் முழுக்கக் கடனுக்குச் சாமான் வாங்குவோம். சம்பளத்தன்று கொஞ்சம் கட்டுவோம். மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும். ஒரு மாதம் சாமான் குறைத்து வாங்கினால் கடன் குறைந்துவிடுமா? வாங்கியதைவிடக் கூடுதலாகக் கட்டினால்தான் குறையும். காற்றின் கணக்கும் அதேதான். எரித்தும் காடழித்தும் நாம் வெளிவிடுவதில் பாதிக்குச் சற்று மேலாகக் கடலும் காடும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் காற்றில் நிற்கிறது.

அந்த மிச்சத்துக்குத் தோட்டத்திலும் கடையிலும் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: நிலுவை. 'நில்' என்ற வினையோடு சேர்ந்த சொல். அதனால் காற்றில் தங்கிய பங்குக்கு 'வளிநிலுவை' என்று முன்மொழிகிறேன். நிலுவை என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒருவர் எழுதியது:

> நிலுவை வணிகச் சொல். அறிவியல் நடைக்கு ஒட்டாது.

இனி எவ்வளவு வெளிவிடலாம் என்ற கணக்கைக் 'காபன் பாதீடு' என்று நாம் எல்லோரும் எழுதுகிறோமே ஐயா. பாதீடு எங்கிருந்து வந்தது? வரவுசெலவிலிருந்துதான். பாதீடு ஒட்டுமென்றால் நிலுவையும் ஒட்டும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். தொடக்கத்திலிருந்து இன்றுவரை வெளிவிட்டதையெல்லாம் கூட்டினால் வருவதற்கு 'திரள் உமிழ்வு' என்பதே என் தெரிவு. எங்கள் கணிதப் பாடத்தில் 'திரள் மீடிறன்' என்று பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கிறார்கள் (மீடிறன் என்பது ஒரு பெறுமானம் எத்தனை முறை வருகிறது என்ற எண்). படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போவது என்ற கருத்து அந்தத் 'திரள்' என்ற சொல்லோடு அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. 'மொத்தம்' என்றால் உலக நாடுகளின் ஓராண்டுக் கூட்டுத்தொகை என்றும் விளங்கலாம்.

இந்தத் திரளைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கம். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் அங்கே தேயிலைப் பயிரைத் தொடங்கியபோது உலகின் ஆண்டு உமிழ்வு 50 கோடி தொன் அளவுதான். 1850 முதல் இன்றுவரை சேர்ந்த திரளோ ஒன்றே முக்கால் இலட்சம் கோடி தொன்னுக்கு மேல். அதில் பாதிக்கு மேல் 1990க்குப் பின் வந்தது. அதாவது என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மா, அப்பா வாழ்ந்த காலத்திலேயே. இதைச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். இலங்கையின் ஆண்டு உமிழ்வு உலகத்தினுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவேன். தங்கள் வீட்டு அடுப்புதான் காரணம் என்று ஒரு பிள்ளையும் நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

அடுப்பைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து காய வைக்க எரிக்கிற விறகு இந்த வரைபில் சேராது. அந்தக் காபன் அண்மையில் மரம் காற்றிலிருந்து எடுத்தது. வெட்டிய இடத்தில் மரம் திரும்ப வளராவிட்டால் காடழிப்புக் கணக்கில் வரும். ஆகவே வரைபின் தலைப்பில் 'எரிபொருள்' என்று மட்டும் போடாமல், நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவைக் குறிக்கும் 'சுவட்டு எரிபொருள்' என்றே போடுங்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் 'புதைபடிவ எரிபொருள்' என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

உமிழ்வுக்குப் பதில் 'காலல்' வேண்டும் என்றவருக்கு: பௌதிகவியலில் ஒளிக்கு அது பழகிய சொல், அங்கேயே இருக்கட்டும்.

அப்புறம் அலகு. பழைய அட்டவணைகள் பல காபனின் நிறையைத் தருகின்றன, புதியவை காபனீரொட்சைட்டின் நிறையை. 12 தொன் காபன் எரிந்தால் 44 தொன் காபனீரொட்சைட்டு. 'காபன் உமிழ்வு' என்று பொதுவாக எழுதினால் எண் மூன்றரை மடங்குக்கு மேல் பிசகும். போன வருசம் ஒரு பயிற்சித்தாளில் இதே பிசகு வந்து, சரியாகக் கணக்கிட்ட பிள்ளைகளுக்குப் புள்ளி போனது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. எந்தச் சொல் முடிவானாலும், வரைபின் அச்சில் 'தொன் காபன்' அல்லது 'தொன் காபனீரொட்சைட்டு' என்று முழுதாக எழுதும்படி சொற்பட்டியலிலேயே ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டுகிறேன்.

வளிநிலுவையைச் சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை நான் சேர்த்தே எழுதப்போகிறேன்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியர்