சொந்தச் சிறு விமானமா, மணிக்கணக்கில் வாடகையா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
தனியார் விமானி உரிமம் பெற்றுள்ள நான் ஆண்டுக்கு 40 மணி நேரத்துக்கு மேல் பறப்பதில்லை. இந்நிலையில் பழைய செஸ்னா 172 சிறு விமானம் ஒன்றை வாங்குவது தகுமா, வாடகையே போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் (ராயபுரம்):
ஐயா, வாடகையே போதும். அவ்விமானத்தில் பரவலாகப் பொருத்தப்படும் லைகமிங் எஞ்சினுக்கு உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் முழுச் சீரமைப்புக் காலம் ஏறத்தாழ 2,000 மணி அல்லது 12 ஆண்டுகள், இவற்றுள் எது முந்துகிறதோ அது. ஆகவே அந்த 12 ஆண்டுகளில் நீங்கள் 480 மணி மட்டுமே பறந்திருந்தாலும் நாள்காட்டி உங்களை விடாது. ஓடாமல் நிற்கும் எஞ்சினுக்குள் ஈரம் தங்கி, கேம் தண்டு (வால்வுகளைத் திறந்து மூடச் செய்யும் தண்டு) துருப்பிடிப்பது தனிச் செலவு. உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்பதைக் காசிமேட்டில் படகு வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்; அலுமினியமும் அதற்குத் தப்புவதில்லை.

பதில் (திருவொற்றியூர்):
மேலே உள்ளவர் சொல்வது சரியே, ஆனால் வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் வாடகை விமானம் கிடைக்க வேண்டுமே! நான்கு பேர் கூட்டாக வாங்கினால் நிறுத்துமிடம், காப்பீடு, பறக்கும் தகுதியை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்து சான்று பெறுவது ஆகிய செலவுகள் பங்காகும், எஞ்சினும் அடிக்கடி சுழலும். வாங்குவதற்கு முன் பராமரிப்புப் பதிவேடுகளை உரிமம் பெற்ற பொறியாளரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கேட்டவர்:
நன்றி. மூன்று கூட்டாளிகள் அமையும்வரை வாடகைதான்.